உங்க இஎம்ஐ-யை முடிவு செய்வது ஆர்பிஐயா, அரசா?

யானைக்கவுனியை ஒட்டிய தெருவுக்குத் தங்கசாலை என்று ஏன் பெயர்? கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை அங்கே இருந்தது. ஆட்சி நடத்தியவர்களே காசும் அடித்தார்கள். இன்று வரியும் செலவும் அரசின் கையில். வட்டி விகிதமும் பணப்புழக்கமும் ரிசர்வ் வங்கியின் கையில்.

ஏன் பிரிக்கணும்?

தேர்தலைச் சந்திக்கும் எந்த அரசுக்கும் வட்டி குறைவாக இருந்தால் வசதி. பற்றாக்குறை வந்தால் 'அச்சடிச்சுக் கொடு' என்று கேட்கும் ஆசையும் வரும். அதன் சுமை விலைவாசியாக நம்ம தலையில்தான் விழும். இலங்கையில் பார்த்தோமே! மத்திய வங்கி அச்சடித்த பணத்தோடு டாலர் தட்டுப்பாடும் சேர்ந்து, 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. 2023-ல் புதுச் சட்டம் போட்டு அந்த வழியை அடைத்தார்கள்.

இந்தியாவில்?

இங்கேயும் 1997 வரை தற்காலிகக் கருவூல உண்டியல்கள் மூலம் மத்திய அரசின் பற்றாக்குறையை ரிசர்வ் வங்கி தானாகவே நிரப்பி வந்தது. கவர்னர் ரங்கராஜன், நிதியமைச்சர் மன்மோகன் சிங் காலத்தில் 1994-ல் போட்ட ஒப்பந்தம்தான் அதற்கு முடிவு கட்டியது. 2016 முதல் வட்டியை முடிவு செய்வது 6 பேர் குழு. ரிசர்வ் வங்கி தரப்பில் 3 பேர், அரசு நியமிப்பவர்கள் 3 பேர். ஓட்டு சமமானால் கவர்னர் சொல்வதே முடிவு.

அப்போ ரெண்டு பேரும் பேசவே கூடாதா?

கண்டிப்பா பேசணும். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆக்கியது. அதே மாதம் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் குறைத்தது. விலைவாசியை இரண்டு பக்கமும் பிடித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வட்டிதான் இன்னும் ஏறும், கூடவே நம்ம இஎம்ஐயும்.

எல்லை எங்கே?

2018-ல் ரிசர்வ் வங்கியின் கையிருப்பு நிதி, நலிந்த வங்கிகள் மீதான கட்டுப்பாடு ஆகியவற்றில் இரு தரப்பும் மோதின. அந்த டிசம்பர் 10-ல் கவர்னர் உர்ஜித் படேல் ராஜினாமா செய்தார். சொன்னது சொந்தக் காரணம். இப்படி மூடிய கதவுக்குள் நடக்கும் இழுபறிதான் ஆபத்து.

4 சதவீதப் பணவீக்க இலக்கை ரிசர்வ் வங்கியோடு கலந்து நிர்ணயிப்பது அரசுதான். அது பிடிக்கவில்லையா? வெளிப்படையாக அறிவித்து மாற்றட்டும். இலக்கைக் கொடுத்த பிறகு, வட்டி முடிவைக் குழுவிடம் விட்டுவிட வேண்டும்.

குழுவில் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள், ஏன் என்பது கூட்டம் முடிந்த 14-வது நாள் வெளியாகிறது. அடுத்த முறை அதையும் படிங்க. அவர்கள் கணக்குப் போடுவது நம்ம சம்பளத்தின் மதிப்பை.