லக்னோவில் எங்கே உண்பது?

வட இந்தியாவுக்கு யாத்திரை புறப்படுகின்ற நம்மவர்கள் புடைவைக்கும் வேட்டிக்கும் முன்னதாகப் பெட்டியில் அடுக்குவது எள்ளுருண்டையும் பொரிவிளாங்காயும் மிளகாய்த்தூளுமே. அடுத்து அவர்கள் எழுப்பும் வினா, ‘அங்கே நமது சாப்பாடு கிடைக்குமா?’ என்பது. கிடைக்கும், இந்நாளில் எந்தப் பெருநகரிலும் இட்டலியும் தோசையும் கிடைக்கும். ஆயின் கடல் கடந்து ஆயிரம் மைலுக்கு அப்பாற் சென்று, வீட்டில் உண்டதனையே அதனினும் தாழ்ந்த பக்குவத்தில் உண்டு மீள்வதற்கு ஒருவர் ஏன் பயணச்சீட்டு வாங்கவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஓர் ஊரின் மொழியை அறியாதவனும் அவ்வூரின் உணவை அறியலாம். அதற்கு இலக்கணம் படிக்க வேண்டியதில்லை.

லக்னோ நகரை எடுத்துக்கொள்வோம். சிராவஸ்திக்குச் செல்லும் நம் நாட்டு யாத்திரிகர் பலர் இந்நகரின் வழியாகவே போகின்றனர். ஓர் இரவு தங்கி, விடுதியிற் கிடைத்ததை உண்டு, விடியற் பொழுதில் பஸ் ஏறிவிடுகின்றனர். இது பெரும் இழப்பு என்பது என் துணிபு.

அவதி நாட்டின் நவாப் ஆஸப்-உத்-தௌலா 1775ஆம் ஆண்டிலே தம் தலைநகரைப் பைஸாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றினார். 1784இற் பஞ்சம் வந்தபோது, மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுப் பெரிய இமாம்பாடாவைக் கட்டத் தொடங்கினார். அவ்வேலையாட்களுக்காக அரிசி, இறைச்சி, மரக்கறி அனைத்தையும் பெரும் அண்டாக்களில் இட்டு, மூடியின் விளிம்பை மாவினால் அடைத்து, இரவு முழுதும் சிறு தணலில் வேகவைத்தனர் என்றும், அதன் மணத்தில் மயங்கிய நவாப் அதனை அரண்மனைக்கும் கொண்டுவரச் செய்தார் என்றும், ‘தம் புக்த்’ என்னும் சமையல் முறை அங்ஙனமே பிறந்தது என்றும் கூறுவர். கதை இனியது, ஆனால் நான் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அக்பர் காலத்து ‘ஆயின்-இ-அக்பரி’யிலேயே அப்பெயருடைய உணவு இடம்பெற்றுள்ளது. எனினும் கூலியாள் உண்ட அண்டாவிலிருந்து மன்னன் உண்டான் என்று ஓர் ஊர் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்புவதே அவ்வூரின் இயல்பை நமக்குக் காட்டுகின்றதன்றோ?

1856இல் ஆங்கிலக் கம்பெனியார் அவதியைக் கவர்ந்துகொண்டு, நவாப் வாஜித் அலி ஷாவைப் பதவியினின்று நீக்கினர். அவர் கல்கத்தாவின் மெத்தியாபுரூஸுக்குச் சென்று வாழ்ந்தார். (கல்கத்தாப் பிரியாணியில் உருளைக்கிழங்கு புகுந்தது அவருடைய சமையற்காரரால் என்பர்; அதனை ஒரு குறையாகச் சொல்வோருடன் நான் வாதாடத் தயார்.) போகத்தில் மூழ்கி நாட்டைப் பறிகொடுத்த கூட்டம் என்ற பழி லக்னோவின்மேல் அன்று விழுந்தது. 1924இற் பிரேம்சந்த் எழுதிய ‘சதுரங்க ஆட்டக்காரர்’ என்ற சிறுகதை அப்பழியை அழியாச் சித்திரமாக்கிவிட்டது. 1977இற் சத்யஜித் ராய் அதனைத் திரைக்குக் கொண்டுவந்தார். பிரபுக்களைப்பற்றி அது நேர்மையான தீர்ப்பே. ஆனால் சமையற்காரன் என்ன பிழை செய்தான்? அரசவை கலைந்தபின் அவன் தன் கைத்திறனைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தான். மாளிகைக்குள் இருந்த சுவை தெருவுக்கு வந்தது. ஆகவேதான் லக்னோவில் எங்கே உண்பது என்று என்னைக் கேட்போருக்கு, நட்சத்திர ஹோட்டலைக் காட்டாது பழைய சௌக் கடைவீதியைக் காட்டுகின்றேன். பெரிய ஹோட்டல்களும் இக்கலையைப் போற்றியுள்ளன என்பதை மறுக்கவில்லை. லக்னோச் சமையலை அங்கே அரியணை ஏற்றிய இம்தியாஸ் குரேஷிக்கு 2016இற் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் அவர் மறைந்தார். ஆனால் அங்கே உண்பவன் கலையின் விலையோடு கம்பளத்தின் விலையையும் சேர்த்தே கொடுக்கின்றான்.

சௌக்கில் 1905இலிருந்து நடந்துவரும் ‘துண்டே கபாபி’ கடையைத் தேடிச் செல்லுங்கள். ‘துண்டே’ என்றால் கை இழந்தவர் என்று பொருள். கடையை நிலைநிறுத்திய ஹாஜி முராத் அலிக்கு ஒரு கையே இருந்தது. அக்குறையே கடையின் பெயராயிற்று. மாவாக அரைத்த இறைச்சியை, அதனை மென்மையாக்கும் பச்சைப் பப்பாளியும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்து, அகன்ற இரும்புத் தட்டிலே நெய் வார்த்துச் சுடுகின்றனர். 160 வகைச் சரக்குகள் சேர்வதாகக் கடைக்காரர் கூறுவர். எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. பல்லுக்கு அங்கே வேலை இல்லை என்பதே செய்தி. காலையில் வருவோர், இரவெல்லாம் வெந்த ‘நிஹாரி’ என்ற இறைச்சிக் குழம்பையும் அதனோடு குல்ச்சா றொட்டியையும் ரஹீம் கடையில் உண்ணலாம். ‘நஹார்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பகல் என்று பொருள். ஆகையால் அதனை இராச் சாப்பாடாக உண்பது சொல்லுக்கும் பொருந்தாது. பாலில் மாப் பிசைந்து, மேலே குங்குமப்பூப் பால் தடவிச் சுட்ட ‘ஷீர்மால்’ றொட்டியை எதனோடும் உண்ணலாம், தனித்தும் உண்ணலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போக எனக்கு மனம் வரவில்லை. இக்கடைவீதியின் கபாப் பெரும்பாலும் எருமை இறைச்சியாலானது. ஆட்டிறைச்சி வாங்க இயலாத றிக்‌ஷாக்காரனும் ஜரிகை வேலை செய்பவனும் நவாபின் உணவை உண்டது அதனாலேதான். 2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் புதிய அரசு உரிமமற்ற இறைச்சிக் கூடங்களை மூடியபோது, எருமை இறைச்சி கிடையாது துண்டே கடை ஒரு நாள் கதவடைத்தது. பின்னர் ஆட்டிறைச்சியும் கோழியும் கொண்டு திறந்தது. உரிமம் கேட்பது அரசின் கடமையே; ஆனால் உரிமம் பெறும் வழியைத் திறவாமற் கூடத்தை மட்டும் மூடினால், உண்டியை இழப்பவன் ஏழையே. 2025 ஒக்ரோபரில் யுனெஸ்கோ நிறுவனம் லக்னோவை உணவுக் கலைக்குரிய படைப்பு நகரமாக அறிவித்தது. அப்பட்டம் எந்த அடுப்புகளால் வந்தது என்பதைப் பட்டத்தைச் சுவரில் மாட்டுவோர் நினைவிற் கொள்வார்களாக.

மரக்கறி உண்போர் இதுவரை படித்துவிட்டு, ‘எமக்கு அங்கே என்ன?’ என்று கேட்கலாம். அவர்களுக்கும் நகரம் குறை வைக்கவில்லை. ஹஸ்ரத்கஞ்சில் வாஜ்பேயி கச்சோரிக் கடையின் முன் நிற்கும் கூட்டத்தில் நீங்களும் நில்லுங்கள். ராம் ஆஸ்ரே என்னும் மிட்டாய்க் கடை தன் தோற்றத்தை 1805 என்று சொல்கின்றது. அங்கே பாலாடையையே வெற்றிலைபோல் மடித்து, உள்ளே கற்கண்டும் பருப்பும் வைத்துத் தரும் ‘மலாய் கிலோரி’யை உண்டவர், மறுநாளும் அத்தெருவுக்கு வருவர். அமீனாபாத்தின் பிரகாஷ் குல்பியைப்பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை; வெயிலே அதற்கு விளம்பரம்.

எல்லாவற்றிலும் மேலாக நான் வைப்பது ‘நிமிஷ்’. பாலைக் காய்ச்சிக் குளிர்கால இரவில் திறந்த வெளியிற் பனிபட வைத்து, விடியுமுன் கடைந்து எழுகின்ற நுரையே அது. அதிற் குங்குமப்பூவும் பிஸ்தாவும் சேர்ப்பர். காசியில் இதனையே ‘மலையோ’ என்பர். டில்லியில் ‘தௌலத் கீ சாட்’ என்பர். வாயிலிட்டால் இனிப்பும் குளிரும் மட்டும் எஞ்சும். உண்டது என்னவென்று நாவுக்குத் தெரியாது. நவம்பர் முதல் பெப்ரவரி வரையே கிடைக்கும். சௌக்கின் கோல் தர்வாஸா அருகே காலையிலேயே விற்பார்கள். வெயில் ஏறினால் நுரை அமர்ந்துவிடும். ஆகவே சிராவஸ்திக்குப் போகும் பஸ்ஸைச் சற்றுப் பிந்தி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.