கால் எட்டினால் போதுமா?

"கால் தரையில் எட்டுகிறது, உப்பளத்துப் பாதையில் ஒரு வருஷமாகப் பையன் வண்டி ஓட்டுகிறான், இதுவரை கீழே விழவில்லை, பதினாறு வயதானால் என்ன?" கிளியனூர் டீக்கடையில் அப்பாக்கள் சொல்லும் வாதம் இது.

ஒன்று. கால் எட்டுவது உயரத்துக்குச் சான்று. நிதானத்துக்கு எப்போது சான்றானது?

இரண்டு. உப்பளத்துப் பாத்தி வரப்பில் எதிரே வருவது சைக்கிள். கிளியனூரைத் தொட்டுப் போவதோ திண்டிவனம்–புதுச்சேரி நான்குவழிச் சாலை. அங்கே குறுக்கே கடக்க வேண்டும். வரும் பஸ்ஸின் வேகத்தைக் கண்ணால் கணிக்க வேண்டும். வரப்பில் இதை எங்கே பழகினான்?

மூன்று. விழவில்லை என்பது திறமையா, எதிரே யாரும் வராததா?

நான்கு. "பதினாறில் சட்டமே விடுகிறதே" என்பார்கள். பாதி உண்மை. 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதுவும் உரிமத்தோடு. நம் வீட்டு எக்ஸ்எல் 100 எத்தனை சிசி? 99.7. (பைக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.)

ஐந்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவை யாராவது படித்தீர்களா? சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர்: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்றால் நிரூபிப்பது உங்கள் வேலை.

டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் "நான்தான் சாவி கொடுத்தேன்" என்று பெருமையாகச் சொன்னவர், தனக்குத் தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பார்?