உளறலுக்கு விடையாக வந்த வேதவாக்கு

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இணையத்தில் ஒரு வேடிக்கை பரவியது. கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் மூலமொழி மாவோரி என்று குறித்துவிட்டு, நாயைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லை ஏறத்தாழ இருபது முறை தட்டினால், உலக முடிவையும் இயேசுவின் வருகையையும் அறிவிக்கும் ஆங்கில வாக்கியங்கள் வந்து விழுந்தன. சோமாலி மொழியில் ‘அக்’ என்ற ஓரசையை அடுக்கினாலோ, பழைய ஏற்பாட்டின் நடையில் கோத்திரக் கணக்குகளும் முழ அளவுகளும் கிடைத்தன. எந்திரத்தில் பேய் புகுந்துவிட்டது என்றனர் சிலர். பொருளற்றதை உள்ளிட்டால் பொருளற்றதே வெளிவரும் என்று நிறுவனத்தின் தரப்பு முடித்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தனர், கடந்து சென்றனர்.

மொழியியலாளர் அவ்வாறு கடந்துவிடலாகாது. ஏனெனில் வெளிவந்தது குப்பையன்று. இலக்கணம் பிசகாத, சரளமான வாக்கியம். 2016இன் இறுதியில் அச்சேவை நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறத் தொடங்கியது. சொற்றொடர்களைத் துண்டு துண்டாகப் பொருத்திய பழைய புள்ளியியல் முறை, அறியாத சொல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கும். அதன் அறியாமை கண்ணுக்குத் தெரியும். புதிய முறையோ, உள்ளீட்டில் பொருள் கிட்டாதபோதும் தான் பயின்ற வாக்கியங்களின் போக்கில் எதையேனும் எழுதி முடித்துவிடும். சோமாலி, மாவோரி போன்ற மொழிகளுக்கு ஆங்கிலத்துடன் இணையாகக் கிடைக்கும் மின்னுரைகள் குறைவு. அவற்றுள் விவிலியத்தின் பங்கு பெரிது. ஆகவே விவிலிய நடை மேலெழுந்தது என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்.

இவ்விளக்கம் ஏற்கத்தக்கதெனில், அந்த வேடிக்கை ஒரு சான்றாவணம். ஒரு மொழியைக் கோடிக்கணக்கானோர் பேசினாலும், எந்திரத்தின் முன் அம்மொழி எவ்வளவு ஒல்லியாக நிற்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. இருபது முறை நாயைத் தட்டியவருக்கு இழப்பேதும் இல்லை. மருத்துவரிடம் தன் வலியைச் சொல்ல இத்தகைய சேவையை நம்பும் சோமாலியருக்கு, சரளமான பிழை ஆபத்தானது. கேட்பவருக்கு ஐயம் தோன்றவே அது இடந்தராது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 2017இல் இந்திய மொழிகள் சிலவற்றோடு தமிழும் அந்த முறைக்குள் வந்தது. பாலைச் சுட்டாத ‘அவர்’ ஆங்கிலத்தில் ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கப்பட வேண்டிய இடத்தில், தீர்ப்பை வழங்குவது தமிழ் இலக்கணம் அன்று. பயிற்சித் தரவின் பழக்கம். பால் வேறுபாடற்ற துருக்கிப் பெயர்ச்சொல் மருத்துவருக்கு ஆணாகவும் செவிலியருக்குப் பெண்ணாகவும் மாறியதைப் பலர் எடுத்துக்காட்டினர். 2018 டிசம்பரில் துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்கு இருவகை மொழிபெயர்ப்பும் காட்டப்படலாயின. சிரித்துவிட்டு நில்லாமல் பதிவுசெய்து சுட்டியவர்களால் எழுந்த கேள்வி, வடிவமைப்பையே மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

ஆதலால் மாணவர்கள் இத்தகைய வேடிக்கைகளைப் பகிர்வதோடு நிறுத்தலாகாது. உள்ளீடு, வெளியீடு, மொழியிணை, நாள் ஆகிய நான்கையும் குறித்துவைத்தல் வேண்டும். திருத்தம் வந்த மறுநாளே சான்று மறைந்துவிடும். குறித்துவைக்கப்படாத விந்தை வெறும் துணுக்காகவே எஞ்சும். அதனினும் அடிப்படையான பணி தரவில் இருக்கிறது. வயல், சந்தை, நீதிமன்றம், சமையலறை எனப் பல துறைகளின் பேச்சும் எழுத்தும் பேசுவோரின் ஒப்புதலுடன் தொகுக்கப்படாத வரையில், எழுத்துவளம் குறைந்த மொழிகளுக்காக வேறெவருடைய வாக்கோதான் பேசிக்கொண்டிருக்கும்.