உம்மாவின் சுடுதண்ணீர்



மார்க்க விளக்கம் எழுதும் இந்தப் பக்கத்தில் குளியலறை ஷவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எமது பிக்ஹுக் கிதாபுகளைத் திறந்து பாருங்கள். அவை தொழுகையில் தொடங்குவதில்லை, தண்ணீரில்தான் தொடங்குகின்றன. எந்தத் தண்ணீர் சுத்தமானது, எதில் குளிக்கலாம், தண்ணீர் கிடைக்காதவன் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைப் படித்த பிறகுதான் நாம் தொழுகையின் பாடத்துக்கே வந்து சேர்கிறோம்.

பேலியகொடையில் வசிப்பவனுக்குச் சுடுதண்ணீர் எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீரே இளஞ்சூடாகத்தான் வரும். ஆனால் வயதான உம்மா எங்களோடு வந்து தங்கிய பின்னர் விடயம் மாறிவிட்டது. அவருக்கு இழுப்பு வருத்தம் உண்டு. சுபஹுக்கு முன் பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் அன்று முழுவதும் மூச்சு வாங்கும். அதற்காகவே குளியலறையில் மின்சார ஹீட்டர் பூட்டிய சிறிய ஷவர் ஒன்றைப் போட்டோம்.

ஒருநாள் காலை உம்மாவின் நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டது. விசாரித்தபோதுதான் சொன்னார்.

“மூணு நாளா தண்ணி சுடுதில்ல மகன். உங்களுக்கு எதுக்குக் கரச்சல் எண்டு பச்சத் தண்ணியிலயே குளிச்சிட்டன்.”

மூன்று நாட்கள்! ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

ஷவரைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் நூல் போல மெலிந்து வந்தது. ஷவர் தலையைக் கழற்றினேன். துளைகளில் வெள்ளைக் காறை படிந்திருந்தது. உள்ளே வரும் குழாயின் சிறு வலையிலும் அழுக்கு அடைத்திருந்தது. இரண்டையும் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி மீண்டும் பூட்டினேன். தண்ணீர் நன்றாக வந்தது. ஆனால் ஹீட்டரைப் போட்ட மறுகணம் ட்ரிப் சுவிச் விழுந்து வீடே இருண்டுவிட்டது. மூன்று முறை தூக்கிப் போட்டேன். மூன்று முறையும் விழுந்தது.

எங்கள் பகுதியில் சில்லறை வேலைகள் செய்யும் ஒருவரை மகன் அழைத்து வந்தான். அவர் பார்த்துவிட்டுச் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: “இது பெரிய வேலையில்ல மவ்லவி. எர்த் வயரைக் கழட்டி விட்டாச் சரி. பிறகு ட்ரிப் விழாது.”

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். “சரி, செய்யுங்கள்” என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. வகுப்புக்கு நேரமாகியிருந்தது. உம்மாவுக்குச் சீக்கிரம் சுடுதண்ணீர் கிடைத்தால் போதும் என்ற எண்ணம். அப்போது மனைவி உள்ளே இருந்து, “தெரிஞ்ச ஒருத்தரிட்டக் கேட்டுப்போட்டுச் செஞ்சா என்ன?” என்றார். அல்ஹம்துலில்லாஹ், அந்த ஒரு கேள்வி எங்களைத் தடுத்து நிறுத்தியது.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மின்தொழிலை முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற்றவர். அன்று மாலை வந்தார். முதல் வேலையாக மெயின் சுவிச்சை அணைத்தார். ஹீட்டரைத் திறந்து கருவி வைத்துச் சோதித்தார்.

“ஹஸரத், ட்ரிப் சுவிச்சுல பழுதில்ல. அது அதுட வேலையத்தான் செஞ்சிருக்கு. கொயில் வெடிச்சிருக்கு. கரண்ட் தண்ணிக்குள்ள கசியுது” என்றார்.

பிறகு எனக்கு அவர் ஆசிரியரானார். வீட்டுக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் திரும்பி வர வேண்டும். ட்ரிப் சுவிச் இவ்விரண்டையும் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறு வழியால் சிறிதளவு கசிந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளில் பொதுவாகப் பூட்டப்படுவது 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழும் சுவிச். 4.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 20 அம்பியர். அதாவது அந்தக் கசிவைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல்! எர்த் வயர் இருக்கும்வரை கசியும் மின்சாரம் அதன் வழியே நிலத்துக்குப் போகும், ட்ரிப் விழும். அதைக் கழற்றிவிட்டால் ட்ரிப் விழாமல் இருக்கலாம். ஆனால் கசிவு நிற்காது. அது நிலத்துக்குப் போக வேறு வழி தேடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைப் பிடிக்கும் உம்மாதான் அந்த வழி.

இதைக் கேட்டபோது என் உடல் நடுங்கியது. பலமுறை வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிப்பது, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணித்துவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் அவர்கள்தாம் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்ற கருத்தில் கூறினார்கள்.

அந்த மனிதர்கள் கெட்ட எண்ணத்தோடு பேசியவர்கள் அல்லர். தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னார்கள், அவ்வளவுதான். எர்த் வயரைக் கழற்றச் சொன்னவரும் எங்கள் மீது பகை கொண்டவர் அல்லர். உதவி செய்யத்தான் வந்தார். மார்க்கத்தில் அறிவில்லாதவன் கொடுக்கும் பத்வாவுக்கு அஞ்சுகின்ற நாம், மின்சாரத்தில் அறிவில்லாதவன் கொடுக்கும் பத்வாவை மட்டும் ஏன் இவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொள்கிறோம்? இரண்டிலும் போவது உயிர்தான்.

வேலை முடிய இரண்டு நாட்கள் எடுத்தன. அதற்கிடையில் உம்மா ஒரு மஸ்அலா கேட்டார்: “மகன், எனக்குத் தயம்மும் செய்ய ஏலாதா?”

அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, கண்டிக்கவில்லை. எனவே தண்ணீரால் தீங்கு ஏற்படும் என்ற உண்மையான அச்சம் இருந்தால் மார்க்கம் வழியை அடைத்துவிடவில்லை. ஆனால் சூடாக்கிக்கொள்ள வசதி உள்ளவருக்குக் குளிர் ஒரு காரணமாகாது என்பதே எமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். எங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது, கேத்தலும் இருக்கிறது. ஆகவே உம்மாவுக்குத் தயம்மும் தேவைப்படவில்லை. மகனின் கவனம்தான் தேவைப்பட்டது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ அளவு தண்ணீரில் குளித்திருக்கிறார்கள் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அது இன்றைய அளவில் சுமார் 3 லீற்றர். ஷவர் இல்லாவிட்டால் குளிப்பே இல்லை என்று நினைக்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு கேத்தல் சுடுதண்ணீரை வாளியில் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் வயதான ஒருவர் நிறைவாகக் குளித்துவிடலாம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் சுடுதண்ணீரை ஊற்றுங்கள். கையால் சூடு பார்த்த பின்னரே கொடுங்கள்.

சிரமமான வேளையிலும் வுழூவை நிறைவாகச் செய்வதற்கு நன்மை உண்டென்று ஹதீஸ் இருக்கிறதே, பிறகு எதற்குச் சுடுதண்ணீர் என்று சிலர் கேட்பார்கள். சிரமம் தானாக வந்தால் பொறுத்துக்கொள்வதற்கே அந்த நன்மை. சிரமத்தைத் தேடிப் போகும்படி மார்க்கம் சொல்லவில்லை. உமர் (ரழி) அவர்களுக்கே பாத்திரத்தில் தண்ணீர் சூடாக்கிக் கொடுக்கப்பட்டதாக அறிவிப்பு உண்டு.

உங்கள் வீட்டு ஷவரிலும் சுடுநீர் நின்றுபோனால் நீங்களாகப் பார்க்கக்கூடியவை சில உண்டு. மற்றக் குழாய்களில் தண்ணீர் நன்றாக வருகிறதா என்று பாருங்கள். இவ்வகை ஹீட்டர்கள் போதிய வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் சூடாக்கத் தொடங்கும். அதேநேரம் அளவுக்கு மிஞ்சித் திறந்தாலும் சூடு குறையும். 4.5 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 5 லீற்றர் ஓடும் தண்ணீரைச் சுமார் 13 பாகைதான் உயர்த்தும். அதையே இரண்டரை லீற்றராகக் குறைத்தால் 25 பாகை வரை உயர்த்தும். குழாயைச் சற்றுக் குறைத்தாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு ஷவர் தலையைக் கழற்றுங்கள். வினாகிரியில் ஓர் இரவு ஊற வைத்தால் காறை கரைந்துவிடும். ஹீட்டருக்கென உள்ள பிரேக்கர் விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.

அவ்வளவுதான் நமது எல்லை. மீண்டும் விழுந்தாலோ, ட்ரிப் சுவிச் விழுந்தாலோ, குழாயைத் தொடும்போது சிறு அதிர்வு தெரிந்தாலோ ஹீட்டரை அணைத்துவிட்டு, முறையாகக் கற்ற ஒருவரை அழையுங்கள். ஹீட்டரின் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். ட்ரிப் சுவிச்சில் சோதிப்பதற்கென ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அது பழுது, உடனே மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் கொயிலை மாற்றி, எர்த் வயரையும் சோதித்து இறுக்கிக் கொடுத்தார் அந்த மாணவர். மறுநாள் சுபஹுக்கு உம்மா குளித்துவிட்டு வந்து, “இண்டைக்கித் தண்ணி நல்லாச் சுட்டிச்சி மகன்” என்றார். நான் கேட்காமலே சொன்னார். இப்போது தினமும் நானே முந்திக்கொண்டு கேட்கிறேன். வயதானவர்கள் குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் சுட்டதா, சாப்பாடு இறங்கியதா, இரவில் நித்திரை வந்ததா என்று நாம்தான் கேட்க வேண்டும். அறியாமைக்கு மட்டுமல்ல, கவனயீனத்துக்கும் கேட்பதுதான் மருந்து.

எல்லாம் வல்ல அல்லாஹ், தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்கும் பணிவையும், பெற்றோரின் தேவையை அவர்கள் சொல்லுமுன் அறியும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.