டேக்வாண்டோ: கறுப்பு பெல்ட் வாங்கினா போதுமா? டிரைவர் மகள் அருணா சொல்லும் கணக்கு

சேவுகம்பட்டி:

பிள்ளையை டேக்வாண்டோ கிளாசில் சேர்த்து விட்டால் ஒலிம்பிக் வரைக்கும் போகலாம், அரசு வேலையும் கிடைக்கும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வயிற்றைக் கட்டி பீஸ் கட்டத் தயார்தான்.

ஆனா நிலவரம் என்ன தெரியுமா? 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ பதக்க விளையாட்டானது. அதிலிருந்து 2024 பாரீஸ் வரை 7 ஒலிம்பிக் முடிந்துவிட்டது. இந்த விளையாட்டில் இந்தியாவில் இருந்து ஒருத்தர்கூட தகுதி பெறவில்லை. ஆசிய விளையாட்டில் 2002-ல் பூசானில் சுரேந்திர பண்டாரி வாங்கிய வெண்கலம்தான் பெரிய பேர்.

அந்தக் கதவை முதலில் தட்டித் திறந்தது ஒரு டிரைவர் மகள்.

யார் இந்த அருணா?

அருணா தன்வர். அரியானா மாநிலம் பிவானி மாவட்டத்து கிராமத்துப் பெண். அப்பா கெமிக்கல் கம்பெனியில் டிரைவர். பிறவியிலேயே அருணாவுக்கு கைகள் குட்டை, விரல்களும் குறைவு. சின்ன வயசிலேயே டேக்வாண்டோ பழக ஆரம்பித்தவர், முதலில் மற்ற பிள்ளைகளோடுதான் மோதினார். பிறகுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா பிரிவுக்கு மாறினார்.

2018-ல் ஆசிய பாரா போட்டியில் வெள்ளி. 2019-ல் துருக்கியில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம். 2021-ல் டோக்கியோ பாராலிம்பிக்கில் சிறப்பு அழைப்பின் பேரில் இடம் கிடைத்தது. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் சேர்த்து டேக்வாண்டோவில் களம் இறங்கிய முதல் இந்தியர் இவர்தான்.

அங்கே முதல் ஆட்டத்தில் செர்பியா வீராங்கனையிடம் தோல்வி. காயம் வேறு. பதக்கம் இல்லாமல் திரும்பினார். ஆனா விட்டுவிடவில்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய பாரா விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரீசுக்கு யார் அழைப்பும் இல்லாமல், தகுதிப் போட்டியில் ஜெயித்தே போனார். அங்கேயும் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனா அழைப்பில் போவதற்கும் ஜெயித்துப் போவதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்குதே!

எங்கே இடிக்கிறது?

முதல் சிக்கல், பெல்ட் கணக்கு. மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று ஒவ்வொரு பெல்ட்டுக்கும் டெஸ்ட், ஒவ்வொரு டெஸ்டுக்கும் காசு. கலர் பெல்ட்டை கிளாசிலேயே கொடுத்து விடுவார்கள். கறுப்பு பெல்ட்டுக்கு உலகம் மதிக்கும் சான்றிதழ் கொடுப்பது தென்கொரியா தலைநகர் சியோலில் உள்ள குக்கிவோன். அதை வாங்கினாலும் அது பயிற்சிக்கான அத்தாட்சிதான். போட்டியில் ஜெயித்த சான்றிதழ் வேறு.

ரெண்டாவது, சங்கச் சண்டை. 'நாங்கதான் தேசிய சங்கம்' என்று ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் கோர்ட்டு வரை போன விளையாட்டு இது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனா சான்றிதழை நீட்டினால், போட்டியை நடத்தியது யார், அவர்களுக்கு அங்கீகாரம் உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். பெயரில் 'நேஷனல்', 'இன்டர்நேஷனல்' என்று இருந்தால் மட்டும் செல்லாது.

மூணாவது, கருவி. பெரிய போட்டிகளில் மார்புக் கவசம், தலைக் கவசம் எல்லாமே எலக்ட்ரானிக். மார்பில் உதைத்தால் 2 பாயிண்டு, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் கூடுதல். (பாரா பிரிவில் தலையில் உதைக்கக் கூடாது.) சரியான இடத்தில், தேவையான வேகத்தில் பட்டால்தான் மெஷின் பாயிண்டு காட்டும். சாதாரண கவசத்தில் மட்டும் பழகிய பிள்ளை, அங்கே போய் உதைத்து உதைத்து பாயிண்டு விழாமல் திகைத்து நிற்கும்.

தாய்லாந்தைப் பாருங்க. கொரியாவில் இருந்து வந்த சோய் யங் சியோக் என்ற ஒரே பயிற்சியாளரை 20 வருஷத்துக்கு மேல் கையில் வைத்துக் கொண்டார்கள். 2004-ல் இருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் டேக்வாண்டோ பதக்கம். அவரிடம் பழகிய பனிபக் டோக்கியோ, பாரீஸ் இரண்டிலும் தங்கம் அள்ளினார். பெல்ட் கணக்கில் வந்ததல்ல இது, நிலையான பயிற்சியில் வந்தது.

பெற்றோர் கேட்க வேண்டியது

அப்போ பிள்ளையைச் சேர்க்கவே கூடாதா? தாராளமாகச் சேர்க்கலாம். தைரியம், உடல் பலம், ஒழுங்கு எல்லாம் வரும். பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும்கூட. அதற்காக மட்டும் என்றால் பக்கத்தில் உள்ள கிளாசே போதும்.

ஆனா எதிர்காலத்தை நம்பி காசு போடுவதானால், சேர்க்கும்போதே மூணு கேள்வி கேளுங்க. மாஸ்டர் எந்தச் சங்கத்தில் பதிவு பெற்றவர்? பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகளுக்குப் பிள்ளையை அனுப்புவாரா? வருஷத்துக்கு பெல்ட் டெஸ்ட், போட்டிக் கட்டணம், பயணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

வெளியூர் போட்டி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்க. பஸ் டிக்கெட் செலவோடு போகும். அருணா வீட்டிலும் காசு கொட்டிக் கிடக்கவில்லை. ஆனா அவர் இறங்கிய போட்டிகள் எல்லாம் கணக்கில் வரும் போட்டிகள். அதனால்தான் அந்த உழைப்பு வீணாகவில்லை.