பட்டறைப் பக்கம்: பிய்ந்த செப்பைத் திருத்தலாம்

ஸ்காபுறோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். லண்டனிலிருந்து வந்த அவரது தம்பியார், தன் பிள்ளைகள் விளையாடி அலுத்த பிளேஸ்ரேஷன் தட்டுகள் பத்துப் பன்னிரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். வீட்டில் இருந்ததோ தெரிந்தவர்கள் கொடுத்த பழைய, முதலாவது பிளேஸ்ரேஷன் பெட்டி. அதில் லண்டன் தட்டு ஒன்றும் ஓடவில்லை. பதினைந்து வயது மகன் ஒரு 'சிப்' வாங்கி, வீடியோவைப் பார்த்துத் தானே பற்றாசு வைத்திருக்கிறான். இப்போது லண்டன் தட்டும் ஓடுவதில்லை, இங்கத்தைய தட்டும் ஓடுவதில்லை. "இவர் குப்பையில் போடச் சொல்லுறார். மகன் இரண்டு நாளாய் ஒருத்தரோடும் கதைக்கிறானில்லை. திருத்தலாமோ, இல்லாட்டிக் காசுக்குத்தான் கேடோ?"

பெரும்பாலும் திருத்தலாம், சகோதரி. அதையும் மகனே திருத்தலாம். ஆனால் முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

இந்தப் பெட்டி 1994 டிசெம்பரில் யப்பானிலும், 1995 இல் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. சோனி நிறுவனம் உலகைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தது. தட்டின் உட்புற ஓரத்தில், தடத்தின் மிக நுண்ணிய நெளிவுக்குள் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கும். யப்பான் தட்டுக்கு எஸ்.சி.ஈ.ஐ., அமெரிக்கத் தட்டுக்கு எஸ்.சி.ஈ.ஏ., ஐரோப்பியத் தட்டுக்கு எஸ்.சி.ஈ.ஈ. பெட்டி தன் ஊர் எழுத்தைக் காணாவிட்டால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடும். விசா இல்லாத பயணியைப் போலத்தான். சிப் செய்வது, பெட்டி எதிர்பார்க்கும் எழுத்துகளைத் தானே சொல்லிக் கொடுப்பது.

வீட்டில் பதியும் கள்ளப் பிரதியில் அந்த நெளிவு வராது. ஆகவே இதே சிப் கள்ளப் பிரதிக்கும் வழி திறந்துவிடுகிறது. சட்டம் கோபப்படுவது அதனால்தான். கனடாவில் 2012 இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இத்தகைய பூட்டுகளை உடைக்கும் கருவிகளை விற்பதும், அந்தச் சேவையைச் செய்து கொடுப்பதும் தடை. 2017 இல் சமஷ்டி நீதிமன்றம் ஒரு விற்பனை நிறுவனத்துக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தது. அது நிண்டெண்டோ தொடுத்த வழக்கு. எனவே மகனுக்கு இன்னொரு சிப் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வாங்கினாலும் ஐரோப்பிய விளையாட்டு வினாடிக்கு 50 படம் என்ற கணக்கில் வரும். இங்கத்தைய பல ரி.வி.கள் 60 ஐத்தான் ஏற்கும். படம் உருளும், அல்லது நிறமில்லாமல் வரும். சிப்பைக் கழற்றி, பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே வேலை.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டிக்குள் மின் வழங்கும் பலகை தனியாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள பெரிய கொள்ளளவியில் 170 வோல்ற் வரை தங்கி நிற்கலாம். ஐரோப்பியப் பெட்டியென்றால் 320 ஐத் தாண்டும். அந்தப் பலகையில் கை வைக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்த பின், அதைத் தொடாமல் பெரிய பலகையை மட்டும் வெளியே எடுங்கள்.

சிப்பையும் அதன் வயர்களையும் முழுதாகக் கழற்ற வேண்டும். இழுத்துப் பிய்க்கக் கூடாது; பற்றாசு உருகிய பிறகு வயர் தானாக வரும். இது 1990களின் பலகை, ஈயம் கலந்த பற்றாசு, ஏறத்தாழ 183 பாகையில் உருகும். இன்றைய பெட்டிகளில் ஈயமில்லாத வகை. அதற்கு 217 பாகைக்கு மேல் வேண்டும். வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாத மலிவான சொல்டரிங் அயன்தான் இப்படியான வீட்டு விபத்துகளில் பாதிக்குக் காரணம் என்பது என் எண்ணம். பலகையின் செப்பு ஒரு மில்லிமீற்றரில் முப்பதில் ஒரு பங்கு தடிப்புத்தான் இருக்கும், பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். அயனை நெடுநேரம் வைத்தால் பிசின் விட்டுவிடும், செப்பு வயரோடு சேர்ந்து வந்துவிடும்.

பிறகு செப்புப் பின்னல் நாடாவை வைத்து மிச்சப் பற்றாசை உறிஞ்சி எடுங்கள். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டு கால்களுக்கிடையே பற்றாசு பாலம் போட்டிருந்தால், அதை அகற்றியதுமே பெட்டி உயிர்பெறலாம். லேசர் பகுதிக்குப் போகும் தட்டையான நாடா வயர் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலகை பழுதென்று நினைத்துக் குப்பைக்குப் போன பெட்டிகள் பலவற்றுக்கு அந்த நாடாதான் காரணம். மூடியின் சுவிச் அமுங்காவிட்டாலும் தட்டு சுழலாது.

செப்பு பிய்ந்திருந்தால்தான் உண்மையான வேலை. பிய்ந்த இடத்திலிருந்து செப்புக் கோடு எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். கோட்டின் மேலுள்ள பச்சைப் பூச்சைக் கூரிய பிளேற்றால் இரண்டு மில்லிமீற்றர் நீளத்துக்கு மெல்லச் சுரண்டினால் செப்பு மினுங்கும். பிளக்ஸ் பசை தடவி, துளி பற்றாசு பூசி, கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள வயரால் அந்த இடத்தையும் பாகத்தின் காலையும் இணைக்க வேண்டும். அயன் ஒரு தொடுகைக்கு இரண்டு மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. மின்சாரம் கொடுக்குமுன் மல்ரிமீற்றரால் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள், 'பீப்' கேட்க வேண்டும். பக்கத்துக் கால்களைத் தொட்டுப் பார்க்கும்போது கேட்கக் கூடாது. பலரும் இந்த இரண்டாவது சோதனையைச் செய்வதில்லை. எல்லாம் சரியென்றால் வயரை ஒரு துளி பசையால் ஒட்டி அசையாமல் வையுங்கள். பாகத்தின் கால் அடியோடு முறிந்திருந்தால் மட்டும் கடைக்காரரிடம் விடுவது நல்லது.

பேஸ்மென்றில் குடியிருப்பவர்கள் பனிக்காலமென்றாலும் யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளை எட்ட வையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது.

தகப்பனாருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். விளக்கைப் பிடியுங்கள், மீற்றரைப் பிடியுங்கள். அயன் மகனின் கையிலேயே இருக்கட்டும். திரும்பவும் பிழைத்தால் போவது பழைய பெட்டி ஒன்றுதான்.

கடிதத்தின் அடியில், தான் விளையாடிச் சேர்த்ததெல்லாம் அழிந்துவிட்டதா என்று சின்ன மகளும் கேட்டிருக்கிறாள். இல்லை, பிள்ளை. அவை பலகையில் இல்லை, முன்பக்கம் செருகும் சிறிய நினைவக அட்டையில்தான் இருக்கின்றன. 128 கிலோபைற், 15 கட்டங்கள். அண்ணன் திருகாணியைக் கழற்றுமுன் நீ அந்த அட்டையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்.