ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் நிரப்பணுமா? கோடை சர்வீஸுக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஜவ்வாது மலையின் மேலே, ஜமுனாமரத்தூர் பக்கம் வெயிலின் தாக்கம் கொஞ்சம் குறைவு. ஆனால், மலையடிவாரத்தில் உள்ள திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்தில் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே அனல் வீசத் தொடங்கிவிடும். மாசக்கணக்கில் சும்மா கிடந்த ஏசியை ஆன் செய்யும்போது கூலிங் இல்லையென்றால் பலரும் முதலில் கேட்கும் வார்த்தை, "கேஸ் கம்மியா இருக்கு, நிரப்பணும்".

உண்மையிலேயே ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா?

ஏசிக்குள் என்ன நடக்குது?

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்த் தள்ளுகிறது, அவ்வளவுதான். தொழில்நுட்ப ரீதியாக இதுவும் ஒரு 'ஹீட் பம்ப்'. ஐரோப்பிய நாடுகளில் இதே நுட்பத்தைத் திருப்பிப் போட்டு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். நம்மூர் ஹோட்டல், மருத்துவமனைகள் சிலவற்றில் வெந்நீர் போடுவதும் இதே நுட்பம்தான்.

இந்த வெப்பத்தைச் சுமந்து செல்வதுதான் கேஸ். மூடிய குழாய்க்குள் அது திரும்பத் திரும்பச் சுற்றி வரும். பைக்கில் பெட்ரோல் குறைவதுபோல ஓட ஓடக் குறையாது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடியும் அதே செலவு.

அப்போ கூலிங் ஏன் குறையுது?

பல நேரங்களில் காரணம் தூசி. ரோட்டுப் புழுதியும் அறுவடை நேரத்துத் தூசியும் ஃபில்டரையும் அவுட்டோர் யூனிட்டையும் அடைத்துக்கொள்ளும். காற்று சரியாகப் போகாவிட்டால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதிகக் கட்டண அடுக்குக்குப் போய்விடுவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இண்டோர் யூனிட்டில் ஐஸ் கட்டுவது கேஸ் குறைவுக்கு அறிகுறிதான். ஆனால் ஃபில்டர் அடைத்தாலும் ஐஸ் கட்டும். அதனால் முதலில் சுத்தம் செய்துவிட்டு, பிறகு கேஸைச் சோதிப்பதே சரியான முறை.

கேஸ் நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை

* லீக் எங்கே என்று கேளுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தும் கண்டுபிடிக்கலாம்.
* இந்தச் சோதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்தவே கூடாது. கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு.
* லீக்கை அடைத்ததும், வேக்குவம் பம்ப் மூலம் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். அதன்பிறகே கேஸ்.
* கேஸின் வகையும் எடையும் ஏசியின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதே கேஸை எடை போட்டு நிரப்ப வேண்டும்.

பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030-க்குள் இதன் பயன்பாட்டை இந்தியா கைவிட வேண்டும். புதிய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 ஓசோனைப் பாதிக்காது. ஆனால் வெளியேறினால், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 675 மடங்கு புவியைச் சூடாக்கும். லேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு. லீக்கோடு விடுவது பர்ஸுக்கு மட்டும் நஷ்டமில்லை.

எந்த மாசம் என்ன செய்யணும்?

பிப்ரவரி – மார்ச்: முழு சர்வீஸ். மெக்கானிக்குகளுக்கு வேலை குவிவதற்கு முன் முடிப்பது நல்லது.

ஏப்ரல் – ஜூன்: ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றி, தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தால் போதும்.

அக்டோபர் – டிசம்பர்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டின் துரு, தளர்ந்த போல்ட், எலி கடித்த வயர் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

குளிர்காலம்: நிறுத்தி வைப்பதற்கு முன் சில மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்து, பூஞ்சை வாடை வராது. ரிமோட் பேட்டரியையும் கழற்றிவிடலாம்.

ஹீட் பம்ப் மூலம் வெந்நீர் போடும் கட்டடங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே குளிர்காலத்தில்தான் வேலை அதிகம். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் குழாயில் படியும். குளிர் தொடங்கும் முன்பே அதை நீக்க வேண்டும்.

24 டிகிரி போதுமா?

2020 ஜனவரி 1 முதல், ஸ்டார் ரேட்டிங் பெற்ற அறை ஏசிகளில் 24 டிகிரியே தொடக்க அளவாக இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தி திறன் செயலகம். ஃபில்டரும் சுத்தமாக இருந்தால், ஃபேனையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு 24-லேயே நிம்மதியாகத் தூங்கலாம்.